நாங்கள் பார்க்காத வெயிலா?

சித்திரை பிறந்துவிட்டால் இந்தப் பேச்சு ஊர்தோறும் கேட்கும். திருச்செந்தூருக்கோ மதுரைக்கோ குடும்பமாகக் கிளம்பும் வீட்டில், “இந்த வெயில்ல கைக்குழந்தைய வச்சுக்கிட்டு மதியம் கிளம்பணுமா மாமா?” என்று மருமகள் கேட்பாள். “நாங்க பாக்காத வெயிலாம்மா? ரெண்டு பாட்டில் தண்ணி எடுத்துக்க, ஒண்ணும் ஆகாது” என்று பெரியவர் முடித்துவைப்பார். கேட்டவள்தான் கூசிப்போவாள். வெயிலுக்கு அஞ்சுவது பட்டணத்துச் சொகுசு என்று நம் ஊரில் ஆகிவிட்டது.

வீட்டுப் பேச்சு வீட்டோடு நின்றால் விட்டுவிடலாம். நிற்பதில்லை. மாநாடு கூட்டுகிறவர்கள், திருவிழா நடத்துகிறவர்கள், பேருந்து நிலையத்துக்கு வரைபடம் போடுகிறவர்கள் எல்லோரும் இதே நம்பிக்கையில்தான் திட்டமிடுகிறார்கள். மக்கள் வெயிலுக்குப் பழகியவர்கள். குடையும் தண்ணீரும் கொண்டுவரச் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது. அதற்குமேல் யாராவது சுருண்டு விழுந்தால், அவர் காலையில் சாப்பிடாமல் வந்திருப்பார், தண்ணீர் கொண்டுவந்திருக்க மாட்டார். இப்படி ஒரு சாவுக்கான பழி செத்தவர் தலையிலேயே போய் விழுகிறது. பழக்கமும் ஒரு பாட்டிலும் பயணியைக் காப்பாற்றிவிடும் என்ற இந்த நம்பிக்கையை நான் மறுக்கிறேன். உடலைப் பற்றியும் நம் முன்னோரைப் பற்றியும் அது சொல்வது உண்மை இல்லை.

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்வோம். இந்திய விமானப்படையின் 92ஆம் ஆண்டு விழாவுக்காகச் சென்னை மெரினாவில் வான்சாகசக் காட்சி. நேரம் பகல் 11 மணி முதல் 1 மணி வரை. கூடியவர்கள் ஏறத்தாழ 15 லட்சம் பேர் என்றார்கள். இடம் பிடிப்பதற்காகக் காலையிலேயே வந்து மணலில் உட்கார்ந்தவர்கள் பலர். மெரினா மணலில் ஒதுங்குவதற்கு ஒரு மரம் கிடையாது. காட்சி முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் காமராசர் சாலையை நோக்கி நடந்தார்கள். பறக்கும் ரயில் நிலையங்களில் நடைமேடை கொள்ளாத கூட்டம். பேருந்துகள் நகரவில்லை. கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்துபோனது. விலைக்கு வாங்கலாம் என்றால் கடையை அடையவே வழியில்லை. அன்று ஐந்து பேர் இறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்குப் போனார்கள். இறப்புகளுக்கு வெயிலின் தாக்கமே காரணம் என்று மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரே சொன்னார். குடை, தொப்பி, தண்ணீர் பாட்டில், கண்ணாடி எல்லாம் கொண்டுவரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளப்பட்டது என்ற விளக்கமும் உடனே வந்தது.

அந்த விளக்கத்தில்தான் நான் சொல்லும் நோய் இருக்கிறது. அது கத்திரி இல்லை, ஐப்பசிகூடப் பிறக்காத புரட்டாசி. வெப்பமானி 40 டிகிரியைத் தொடவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் பிறந்து வளர்ந்து, ஆண்டு முழுவதும் அந்தப் புழுக்கத்திலேயே வாழ்கிறவர்கள். “பழகியவர்கள்” என்று சொல்வதற்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. பழக்கம் காப்பாற்றும் என்பது உண்மையானால் அன்று யாருக்கும் எதுவும் ஆகியிருக்கக் கூடாது.

பழக்கம் என்பதே பொய் என்று நான் சொல்லவில்லை. உடல் வெப்பத்துக்குப் பழகும். அது மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை. தொடர்ந்து ஏழிலிருந்து பதினான்கு நாள் வெயிலில் உழைத்தால் வியர்வை முன்கூட்டியே சுரக்கும், அதிகமாகச் சுரக்கும், அதில் போகிற உப்பு குறையும், இதயத் துடிப்பு நிதானப்படும். ஆனால் பழகிய உடலுக்கு வியர்வை கூடுகிறது என்றால் அதற்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டும் என்றுதானே பொருள்? நாம் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். பழகியவனுக்குக் குறைவான தண்ணீர் போதும் என்று நினைக்கிறோம். அதோடு இந்தப் பழக்கம் ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் நிற்கிற சொத்து இல்லை. சில வாரங்கள் நிழலிலும் குளிர்சாதன அறையிலும் இருந்தால் கரைந்துபோகும். தாத்தா நாற்பது ஆண்டு வயலில் உழைத்தார் என்பதற்காக, ஒரகடத்தில் குளிர்ந்த கூடத்தில் வேலை பார்க்கும் பேரன் அந்தப் பழக்கத்தைப் பிறப்பிலேயே கொண்டுவந்துவிட மாட்டான். நாற்பது ஆண்டு உழைத்த அந்தத் தாத்தாவுக்கே எழுபது வயதில் அது கைகொடுக்காது. முதுமையில் தாக உணர்வு மங்கிவிடும். உடல் வற்றிக்கொண்டிருக்கும்போதுகூட “வேண்டாம்பா” என்றுதான் சொல்வார். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மனநோய்க்கும் தரும் மாத்திரைகளில் சில, சிறுநீரைக் கூட்டியோ வியர்வையைக் குறைத்தோ இந்தச் சிக்கலை இன்னும் ஆழமாக்கும்.

பழக்கத்துக்கு இன்னொரு எல்லையும் உண்டு. அதை எந்த உடலும் தாண்ட முடியாது. வியர்வை சுரப்பதால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாகப் போவதால்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது ஆவியாகாமல் சொட்டிச் சொட்டி மண்ணில் விழும். மண்பானைத் தண்ணீர் காற்று வறண்ட நாளில் சில்லென்று இருப்பதும் மழைமூட்டமான நாளில் குளிராமல் கிடப்பதும் இதனால்தான். ஈரத்தையும் வெப்பத்தையும் சேர்த்துக் காட்டும் அளவு ஈரக்குமிழ் வெப்பநிலை. அது 35 டிகிரியைத் தொட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான மனிதரும் சில மணி நேரத்தில் பிழைக்க முடியாது என்று 2010இல் அறிவியலாளர்கள் கணக்கிட்டார்கள். பிறகு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் திடகாத்திரமான இளைஞர்களை வைத்தே சோதித்துப் பார்த்தபோது, ஈரப்பதம் மிகுந்த சூழலில் 30, 31 டிகிரியிலேயே உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்கியது. ஆகவே கடலோரப் பயணிக்கு வெப்பமானியில் 36 என்று இருப்பது ஆறுதல் இல்லை. வேலூரின் வறண்ட 41ஐவிடச் சென்னை, கடலூர், நாகப்பட்டினத்தின் கசகசத்த 36 சில நாட்களில் கொடியதாக முடியும். இந்திய வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலைக்கான கணக்கைச் சமவெளிக்கு 40 டிகிரியிலும் கடலோரத்துக்கு 37 டிகிரியிலும் தொடங்குகிறது.

அந்த எண்களும் நிழலில் எடுத்தவை. வெள்ளையடித்த, காற்றோட்டமுள்ள மரப்பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி காட்டுவதைத்தான் செய்தியில் வாசிக்கிறார்கள். மேற்கூரை இல்லாத நிறுத்தத்தில், தார்ச்சாலை ஓரத்தில் பேருந்துக்காக நிற்பவர் அனுபவிப்பது அந்த எண்ணை அல்ல. தலைக்குமேல் சூரியன், காலுக்குக் கீழே கொதிக்கும் தார், பக்கத்தில் வந்து நிற்கும் லாரியின் இன்ஜின் எல்லாம் அவர்மேல் வெப்பத்தைக் கொட்டுகின்றன. பேருந்துக்குள் ஏறினால் காய்ந்த தகரக் கூரையும் ரெக்சின் இருக்கையும். சன்னல் வழியே அடிக்கிற அனல்காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், “வேர்க்கவே இல்லையே” என்று பயணி நினைத்துக்கொள்வார். உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். சட்டை மட்டும் காய்ந்திருக்கும். உப்புப் பூத்த காலர் பட்டையைப் பார்த்தால்தான் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும்.

இனி அந்தப் பாட்டிலுக்கு வருகிறேன். கடும் வெயிலில் சுமை தூக்கிக்கொண்டு நடப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டருக்குமேல் வியர்வை போகலாம். குடலோ மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டரைத்தான் உறிஞ்சும். அப்படியானால் குடித்துக் குடித்தே ஈடுகட்டிவிடலாம் என்ற கணக்கு ஓர் எல்லைக்குமேல் பலிக்காது. இதைவிட முக்கியமான ஒன்றை நம் அறிவுரைகள் சொல்வதே இல்லை: வயிறு நிறையத் தண்ணீர் குடித்தவருக்கும் வெப்பத்தாக்கு வரும். வெப்பத்தாக்கு என்பது உடல் வெப்பம் ஏறி மூளை தடுமாறுகிற நிலை. நீரிழப்பு அதை விரைவுபடுத்தும், ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. வெப்பம் உள்ளே ஏறும் வேகம் வெளியேறும் வேகத்தை மிஞ்சினால், கையில் இருக்கும் பாட்டில் எத்தனை லிட்டர் என்பதற்குப் பொருளில்லை. அப்போது வேண்டியது நிழல், காற்று, ஓய்வு.

தண்ணீரிலும் வெறும் தண்ணீர் எப்போதும் போதாது. மணிக்கணக்கில் வியர்த்தவர் உப்பில்லாத தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து, தலைவலியும் வாந்தியும் குழப்பமும் வரும். அதை வெயில் மயக்கம் என்று எண்ணி இன்னும் தண்ணீர் புகட்டுவார்கள். நம் வீடுகளில் இதற்கு விடை எப்போதோ இருந்தது. உப்புப் போட்ட நீர்மோர், சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடிக்கும் கம்பங்கூழ், உப்புக் கரைத்த நீராகாரம், எலுமிச்சையும் உப்பும் சர்க்கரையும் சேர்ந்த சாறு. இளநீர் நல்லதுதான்; ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் இளநீரை மருத்துவரைக் கேட்டே குடிக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்வது எல்லாவற்றையும்விட எளிது. ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். அரை லிட்டரில் கரைத்தால் கெடுதல். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி. கடைகளில் அழகான அட்டைப் பெட்டியில் இதே பெயரைப் போட்டுக்கொண்டு விற்றவற்றில் பல, சர்க்கரை மிகுந்த வெறும் பானங்கள். பானங்களின் பெயரில் அந்த மூன்றெழுத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் உத்தரவு போட்டது. அதுவரை எத்தனை தாய்மார்கள் வயிற்றுப்போக்குள்ள குழந்தைக்கு அதை நம்பிக் கொடுத்திருப்பார்கள்!

இதுவரை சொன்னது உடல் கணக்கு. “தண்ணி நிறையக் குடிங்க” என்ற அறிவுரை இன்னும் பெரிய ஓரிடத்தில் தோற்கிறது. அது பெண்களிடம்.

காலை ஏழு மணிப் பேருந்தில் ஆறு மணி நேரம் போக வேண்டும் என்றால், முந்தின இரவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடும் பெண்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள். அம்மாவைக் கேளுங்கள், அக்காவைக் கேளுங்கள். பாட்டில் கையில் இருக்கும், நிரம்பியே இருக்கும், மூடி திறந்திருக்காது. “குடிச்சுட்டு வழியில எங்கே இறங்குறது?” இந்த ஒரு கேள்விக்கு எந்த வெயில் அறிவிப்பிலும் பதில் கிடையாது. ஓட்டுநரிடம் போய் வண்டியை நிறுத்தச் சொல்ல வாய் வராது. நிறுத்தினாலும் ஆண் இறங்கிச் சாலையோரம் ஒதுங்குவான். அவள் எங்கே போவாள்? நெடுஞ்சாலை உணவகத்தில் பேருந்து நிற்கும் பத்து நிமிடத்தில், நாற்றமடிக்கும் இரண்டு அறைகளுக்கு முன்னால் முப்பது பேர் வரிசை. தாழ்ப்பாள் இருக்காது, தண்ணீர் வராது, வாசலில் காசு கேட்க ஆள் மட்டும் இருப்பார். மாதவிடாய் நாளில் பயணம் என்றால் சொல்ல வேண்டியதே இல்லை. இதற்குப் பயந்து நாவறண்டு உட்கார்ந்திருப்பவளை “கவனக்குறைவு” என்று எப்படிச் சொல்வது? அவள் மிகவும் கவனமாக யோசித்துத்தான் தண்ணீரைத் தவிர்க்கிறாள். அவளுக்கு முன்னால் வைக்கப்பட்டவை இரண்டு துன்பங்கள். எது சிறியதோ அதைத் தேர்ந்துகொள்கிறாள்.

அதன் விலையை அவள் உடல் கொடுக்கிறது. சிறுநீர்த் தொற்று, எரிச்சல், கல்லடைப்பு, கடைசியில் சிறுநீரகமே பழுதாவது. உப்பளங்களில் வேலை செய்யும் தமிழகத் தொழிலாளர்களிடம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெப்பத்தின் விளைவுகளை ஆராய்ந்து, சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதைக் கண்டார்கள். கர்ப்பிணிகளைப் பற்றிய அவர்களுடைய இன்னோர் ஆய்வு 2024இல் வெளிவந்தது. கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதைவு முதலிய ஆபத்துகள் ஏறத்தாழ இரு மடங்கு என்று அது காட்டியது. இவர்களைவிட வெயிலுக்குப் பழகியவர்கள் இந்த மாநிலத்தில் யார்? பழக்கம் ஒரு கவசம் என்றால் அது முதலில் இவர்களை அல்லவா காத்திருக்க வேண்டும்?

அரசு 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தந்தது. அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். வீட்டைவிட்டு வெளியே வரும் பெண்களின் தொகை கூடியது. அவர்கள் காத்திருக்கும் நிறுத்தங்களில் நிழலும், இறங்கும் நிலையங்களில் சுத்தமான கழிப்பறையும் அதே வேகத்தில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பேருந்து நிலையக் கழிப்பறையைச் சுகாதாரப் பிரச்சினை என்று மட்டும் பார்க்கிறோம். அது வெப்பத்திலிருந்து காக்கும் ஏற்பாடு. திறந்த பூட்டும், ஓடும் குழாயும், உள்ளே தாழ்ப்பாளும் உள்ள ஒரு கழிப்பறை, ஆயிரம் விழிப்புணர்வுத் துண்டறிக்கைகளைவிட அதிகத் தண்ணீரைப் பெண்களைக் குடிக்கவைக்கும்.

பணக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். நால்வர் கொண்ட குடும்பம் கோடைப் பகலில் ஒரு நாள் ஊர் சுற்றினால் பத்து, பன்னிரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். லிட்டர் இருபது ரூபாய் என்று விற்கும் கடைத் தண்ணீரில் அது இருநூறு ரூபாயைத் தாண்டும். கூலி வேலை செய்யும் குடும்பம் அந்த இருநூறை முதலில் பிள்ளைகளுக்குச் செலவழிக்கும், பிறகு ஆணுக்கு. அம்மா கடைசியில் மிச்சம் இருந்தால் ஒரு மிடறு குடிப்பாள்.

“எங்க காலத்துல ஃபேன் இருந்துச்சா, பாட்டில் இருந்துச்சா? நடந்தே போயிட்டு வந்தோம்” என்பவர்களுக்கு இனிப் பதில் சொல்கிறேன். நடந்தார்கள், உண்மை. எப்போது நடந்தார்கள்? மாட்டு வண்டிகள் இரவில்தான் தொலைதூரம் போயின. பழனிக்கும் சமயபுரத்துக்கும் பாதயாத்திரை போகிறவர்கள் இன்றும் இரவிலும் விடியலிலும் நடந்து, வெயில் ஏறியதும் மண்டபத்திலோ தோப்பிலோ சாய்ந்துவிடுகிறார்கள். திருவண்ணாமலையில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலத்தைப் பௌர்ணமி இரவில் சுற்றுகிறார்கள். சாலையின் இருபுறமும் புளியும் ஆலும் நட்டவர்கள், காத தூரத்துக்கொரு சத்திரம் கட்டியவர்கள், ஊர் எல்லையில் தண்ணீர்ப் பந்தல் போட்டு மோரும் பானகமும் ஊற்றியவர்கள், சுமையை இறக்கிவைக்கப் பிறர் உதவி தேவைப்படாதபடி தோளுயரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டவர்கள் நம் முன்னோர். மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயர் இன்றுவரை நிலைத்திருப்பது அவர் அமைத்த சாலைகளாலும் சத்திரங்களாலும்தான். வெயிலைத் துச்சமாக நினைத்த சமூகம் இவ்வளவு பொருளையும் உழைப்பையும் நிழலுக்காகச் செலவழித்திருக்காது. சங்க இலக்கியத்தில் பாலைக்கு உரிய பொழுதாக வைத்தது வேனிலையும் நண்பகலையும். அந்த வழியில் போவதை உயிருக்கு ஆபத்தான பயணமாகத்தான் புலவர்கள் பாடினார்கள். அழகர் வைகையில் இறங்கும்போது தோல்பையில் தண்ணீர் நிரப்பி அவர்மேல் பீய்ச்சுகிறார்களே, மலையிலிருந்து வெயிலில் வந்த சாமிக்கே உடல் குளிர வேண்டும் என்று நினைத்த மக்கள் அவர்கள்.

அந்த ஏற்பாட்டில் பெரும்பகுதியை நாம் கலைத்துவிட்டோம். நான்கு வழிச் சாலைக்காக நூறாண்டுப் புளியமரங்களை வரிசையாக அறுத்தோம். சத்திரங்கள் பல அலுவலகங்களாகவும் குப்பைக் கிடங்குகளாகவும் ஆகிவிட்டன. தண்ணீர்ப் பந்தல்கள் கோடையில் கட்சிக் கொடியோடு திறக்கப்படுகின்றன. திறந்த அன்று தர்பூசணியும் மோரும், பத்து நாள் கழித்துப் போனால் பானை காலி. சில இடங்களில் இளைஞர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து கோடை முடியும்வரை விடாமல் நடத்துகிறார்கள், அவர்களை வணங்குகிறேன். ஆனால் நிழலையும் தண்ணீரையும் எடுத்துவிட்டு, “தாத்தா நடந்தாரே” என்று மட்டும் சொல்வது தாத்தாவுக்குச் செய்யும் அவமரியாதை.

கத்திரி வெயில் இருபத்தைந்து நாள்தானே, அது முடிந்தால் போயிற்று என்ற எண்ணமும் இதனோடு சேர்ந்தது. பஞ்சாங்கக் கணக்குப்படி அது மே 4ஐ ஒட்டித் தொடங்கி 28ஐ ஒட்டி முடியும். சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகப்பெரிய வெப்பம் 45 டிகிரி. அது 2003 மே 31இல், கத்திரி கழிந்த பிறகு. நம் கறுத்த தோல் வெயிலைத் தாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. கறுத்த தோல் புற ஊதாக் கதிரை ஓரளவு தடுக்கும். கண்ணை அது காக்காது. ஆண்டுக்கணக்கில் கண்ணில் படும் கதிர் கண்புரைக்கு ஒரு காரணம். வெப்பத்தையும் அது தடுக்காது. கதிருக்கும் சூட்டுக்கும் தொடர்பு இருந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. உதகையிலும் கொடைக்கானலிலும் குளிரக் குளிர நடந்துவிட்டு மூக்கும் கன்னமும் எரிய இறங்குகிறவர்கள் பலர். உயரம் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் கூடும்போதும் கதிரின் கடுமை பத்து விழுக்காடு அளவுக்குக் கூடுகிறது. தனுஷ்கோடியிலும் கன்னியாகுமரியிலும் கடற்காற்று சூட்டை மறைத்துவிடும், கதிரை மறைக்காது. ஒரு கறுப்புக் குடை, முழுக்கைப் பருத்திச் சட்டை, தலையில் ஒரு துண்டு ஆகியவை இங்கே எந்தக் களிம்பையும்விட மலிவான காப்பு. ஆண்கள் குடை பிடிக்கக் கூச்சப்படுவதை நிறுத்த வேண்டும்.

வெயில் தேசத்து மக்களுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று இன்னும் நம்புகிறவர்கள் மெக்காவில் நடந்ததைப் பார்க்கட்டும். 2024 ஜூனில் ஹஜ் பயணத்தின்போது அங்கே வெப்பம் 51.8 டிகிரி வரை போனது. 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. இறந்தவர்களில் அதிகம் பேர் எகிப்தியர்கள்; பாலைவன வெயிலில் பிறந்தவர்கள். அவர்களுடைய பழக்கம் அவர்களைக் காக்கவில்லை. அதே அறிவிப்பில் இன்னொரு விவரம் இருந்தது. இறந்தவர்களில் 83 விழுக்காட்டினர் முறையான அனுமதி இல்லாமல் வந்தவர்கள். குளிரூட்டிய கூடாரமும் பேருந்தும் கிடைக்காமல், நிழலின்றி நெடுந்தூரம் நடந்தவர்கள். ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே கடமை. யாருக்கு நிழல் இருந்தது, யாருக்கு இல்லை என்பதுதான் பெரும்பாலும் சாவைத் தீர்மானித்தது. 2023 ஏப்ரலில் நவி மும்பையின் கார்கரில் விருது விழாவுக்குத் திறந்த வெளியில் பகல் வெயிலில் உட்காரவைக்கப்பட்டவர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களும் அந்த மண்ணின் மக்கள்தாம்.

“அப்படியானால் பகலில் யாரும் வெளியே போகக் கூடாதா? அன்றாடங்காய்ச்சி என்ன செய்வான்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவனால் நேரத்தை மாற்ற முடியாது. வேலைக்குப் போகிறவன், நோயாளியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறவள், தேர்வு எழுதப் போகும் பிள்ளை யாராலும் முடியாது. அதனால்தான் நேரத்தை மாற்ற முடிந்தவர்கள் மாற்றியே ஆக வேண்டும் என்கிறேன். மாநாட்டை மாலைக்குத் தள்ளலாம். சுற்றுலா வண்டி விடியலில் கிளம்பலாம். கோயில் பிரகாரத்துக் கருங்கல்லில் பகலெல்லாம் நார் விரிப்பும் தண்ணீரும் இருக்கச் செய்யலாம். இவை எதற்கும் புதிய அறிவியல் வேண்டாம்.

பயணிக்கு ஒரே ஒரு செய்தி. பக்கத்து இருக்கைக்காரர் தலை சுற்றுகிறது, கால் இழுக்கிறது என்றால் நிழலும் உப்பு கலந்த நீரும் ஓய்வும் போதும். ஆனால் அவர் சம்பந்தமில்லாமல் பேசுகிறார், தள்ளாடுகிறார், நினைவு தப்புகிறது என்றால் அது வெப்பத்தாக்கு, வியர்த்துக்கொண்டிருந்தாலும் வெப்பத்தாக்குதான். வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். 108ஐ அழையுங்கள். அவர்கள் வரும்வரை காத்திருக்காமல் உடலெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பனிக்கட்டி கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது. முதல் அரை மணி நேரத்தில் உடலைக் குளிர்வித்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்.

மெரினாவில் ஐந்து பேர் இறந்த அதே அக்டோபர் மாதத்தில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறப்பவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் என்றும் சொன்னது. நல்ல முடிவு. வெள்ளத்தைப் பேரிடர் என்று ஏற்ற பிறகு, மூழ்கியவரைப் பார்த்து நீச்சல் தெரியாதது உன் தவறு என்று எந்த அதிகாரியும் சொல்வதில்லை. வெயிலிலும் அந்தப் பேச்சு நிற்க வேண்டும். நண்பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை வெளியே வராதீர்கள் என்று ஒவ்வொரு கோடையிலும் மக்களுக்குச் சொல்லும் அரசு, அந்த நேரத்தில் திறந்த வெளியில் கூட்டம் கூட்ட எந்தக் கட்சிக்கும் எந்தத் துறைக்கும் எந்த மாதத்திலும் அனுமதி தரக் கூடாது. கூட்டத்தின் அளவுக்கேற்ற நிழலும் தண்ணீரும் பெண்களுக்கான கழிப்பறையும் வெளியேறும் வழியும் இருப்பதை மாவட்ட ஆட்சியர் நேரில் பார்த்த பிறகே எந்த விழாவும் தொடங்க வேண்டும்.